அறுபதுக்கு ஐம்பத்தாறு

சேந்தமங்கலத்தில் மலைச்சாலை பிரியும் முக்கில் ஜமீலா டீச்சரின் பட்டறை இருந்தது. மோட்டார் சைக்கிள் இன்ஜின்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டிக் கொடுக்கும் பட்டறை. டீச்சர் முன்பு தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்தவர். அந்த வேலை போய்விட்டது. டீச்சர் என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்தைந்து.

அவரிடம் தொழில் கற்க வந்த பொன்னுரங்கனுக்கு நாற்பத்தேழு. கொல்லிமலையில் மூலக்கொம்பை அவர் ஊர். மலைச்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஜீப் ஓட்டியவர். தன்னைவிடச் சின்னவரிடம் போய் ஸ்பேனர் பிடிக்கக் கற்பதா என்று முதல் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஏழாவது மாசத்தில், டீச்சரைக் கேட்காமல் ஒரு போல்ட்டைக்கூட முறுக்கமாட்டார் என்கிற நிலைக்கு வந்திருந்தார்.

அவர் கற்க வந்ததற்குக் காரணம் எட்டு வண்டிகள். ஒரு அறக்கட்டளை, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காக, மலை ஊர்களுக்கு எட்டு மோட்டார் சைக்கிள்களைக் கொடுத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடது பக்கம், தனிச் சக்கரத்தோடு ஒரு பெட்டி. அதில் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். ஓட்டுவதற்கு மலைக்காரர்கள் எட்டுப் பேர். பொன்னுரங்கன் அவர்களில் ஒருவர். வண்டிகளைப் பழுது பார்க்கவும் ஒருவருக்காவது தெரியட்டும் என்று, வாரத்தில் மூன்று நாள் அவரை டீச்சரிடம் அனுப்பியதும் அதே அறக்கட்டளைதான்.

ஒருநாள் காலை அவர் பட்டறைக்குள் வந்தபோது செருப்பைக்கூட வெளியே விடவில்லை. கையில் ஒரு தாள் கசங்கியிருந்தது.

"படிங்க டீச்சர்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

அறக்கட்டளையின் அறிக்கை அது. எட்டு வண்டிகளில் ஐந்துக்கு கிளட்ச் எரிந்துபோனது ஏன் என்று எழுதியிருந்தார்கள். மலைவாழ் ஓட்டுநர்களுக்குக் கியர் வாகனங்களில் போதிய பழக்கம் இல்லாததும், கிளட்சைத் தவறாகக் கையாண்டதுமே காரணம். எட்டுப் பேரையும் நீக்கிவிட்டுச் சமவெளியிலிருந்து பயிற்சி பெற்றவர்களை நியமிக்கலாம். கடைசிப் பத்தியில் மூலக்கொம்பை வெள்ளச்சியின் பேர் இருந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவால் ஏற்பட்ட தாமதம்.

"எனக்குக் கியர் வண்டி பழக்கமில்லையாம்" என்றார் பொன்னுரங்கன். "இருபத்திரண்டு வருஷம் எழுபது கொண்டை ஊசி வளைவுல ஜீப்பை ஏத்தி இறக்கினவன் நான். இதை எழுதினவன் மலையில ஒரு ராத்திரி தங்கியிருப்பானா? எங்க ஊருக்கு எந்தப் பக்கம் போகணும்னு தெரியுமா அவனுக்கு?"

டீச்சர் தாளை மறுபடி மேலிருந்து படித்தார்.

"கவனக்குறைவு! எழுதியிருக்கான் பாருங்க. கவனக்குறைவு!"

வெள்ளச்சிக்கு நடந்தது டீச்சருக்குத் தெரியும். போன மாசம், மிளகுக் கொடிக்குக் கீழே நின்றிருந்தபோது விரியன் கடித்துவிட்டது. நல்ல பகல். பொன்னுரங்கன்தான் பெட்டியில் படுக்க வைத்துக் கிளம்பினார். மூலக்கொம்பை பள்ளத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பதினோரு வளைவு ஏற வேண்டும். நாலாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. கிளட்ச் எரிந்து, இன்ஜின் உறுமினாலும் சக்கரம் நகரவில்லை. வெள்ளச்சியைப் புடவையில் தூளி கட்டித் தோளில் சுமந்து போனார்கள். ஒன்றே கால் மணி நேரம் தாமதம். உயிர் தப்பியது. வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

டீச்சர் தாளின் அடியைப் பார்த்தார். 'இன்ஜினைப் பரிசோதித்தவர்' என்று அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"அது உங்களுக்கு விட்ட இடம்தானே?" என்றார் பொன்னுரங்கன்.

"ஆமாம்."

"இதை எழுதின பொறியாளன் நேத்து இங்க வந்தானாமே?"

"வந்தார்."

"உட்கார வெச்சுச் சுக்குக் காப்பி கொடுத்தீங்களாம். எதிர்க்கடைக்காரர் சொன்னார்."

"கொடுத்தேன்."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"இன்னும் இல்லையா!" அவர் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "இன்னும் இல்லைன்னா என்ன அர்த்தம்? நாளைக்குப் போடுவீங்களா? எங்களைப் பத்தி இப்படி எழுதினவன் மூஞ்சியில அந்தத் தாளை விட்டெறிஞ்சிருக்க வேண்டாமா? காப்பியா கொடுப்பாங்க?"

"கையைக் கழுவிட்டு வாங்கண்ணா" என்றார் டீச்சர். "அளக்கணும்."

"எதை?"

"ரெண்டு இன்ஜின் பிரிச்சு வெச்சிருக்கேன்."

பொன்னுரங்கன் அசையாமல் நின்றார். பிறகு செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போய்க் கை கழுவினார். தண்ணீரை வாரி அடித்த சத்தத்திலேயே அவர் கோபம் தெரிந்தது.

மேசைமேல் இரண்டு இன்ஜின்கள், மேல்மூடி கழற்றிய நிலையில் இருந்தன. ஒன்று, எரிந்துபோன மருத்துவ வண்டியுடையது. இன்னொன்று அன்னாசிப்பழம் ஏற்றி இறக்கும் வியாபாரிகள் வைத்திருக்கும் பழைய வண்டியுடையது. மலையில் அந்த மாதிரி வண்டி வீட்டுக்கு வீடு உண்டு.

டீச்சர் அளவுகோலை அவர் கையில் கொடுத்தார். பொன்னுரங்கன் பக்கவாட்டு நட்டில் ஸ்பேனரைப் போட்டு இன்ஜினைச் சுற்றினார். பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தையும் அடியில் நிற்கும் இடத்தையும் அளந்தார். சிலிண்டரின் வாயை அளந்தார். இரண்டு இன்ஜினையும் அப்படியே இரண்டு தடவை அளந்தார். எவ்வளவு கோபத்திலும் அளக்கும்போது அவர் கை நடுங்காது.

"மருத்துவ வண்டி, வாய் அறுபது மில்லி. பிஸ்டன் ஓடற தூரம் அம்பத்தாறு. பழவண்டி, வாய் அம்பத்தினாலு. ஓடற தூரம் அறுபத்தொம்பது."

"சிசி?"

அவர் தாளில் பெருக்கிப் பார்த்தார். "ரெண்டும் நூத்தி அம்பத்தெட்டு."

"சரி."

"என்ன சரி? இதுலயே தெரியுதே டீச்சர்! பிஸ்டன் நீளமா ஓடினாத்தான் வண்டி இழுக்கும். நெம்புகோல் நீளமானா பலம் அதிகம். எல்லாரும் சொல்றதுதானே? குட்டை இன்ஜினை எங்க தலையில கட்டிட்டு..."

"அகலமான வாய்க்குள்ள வெடிச்சா, பிஸ்டன் மேல அழுத்தம் அதிகமா விழுமா, கம்மியா விழுமா?"

அவர் யோசித்தார். "அதிகமா."

"அப்ப நெம்புகோல்ல விட்டதை வாய் அகலத்துல பிடிச்சாச்சு."

பொன்னுரங்கன் முகம் கறுத்தது. "அப்ப ரெண்டும் ஒண்ணுங்கறீங்களா? எங்க மேலதான் தப்பா?"

"ஒண்ணுன்னு சொல்லலை. குறைச்ச தூரம் ஓடற பிஸ்டன் சீக்கிரம் திரும்பி வரும். அதனால இது நிமிஷத்துக்கு எட்டாயிரத்தைந்நூறு சுத்து சுத்தும். பழவண்டி அஞ்சாயிரத்தைந்நூறுலயே போதும்னுடும். விளம்பரத் தாளைப் பார்த்தா இதுக்குப் பதினாறு குதிரைசக்தி, அதுக்குப் பன்னெண்டு."

"அப்ப இதுதான் நல்ல இன்ஜினா?"

"வேகமாச் சுத்தினா."

"மெதுவாச் சுத்தினா?"

"இதோட மூச்சுவழி அகலம். மெதுவாச் சுத்தும்போது காத்து சோம்பலா வரும், நெஞ்சு நிறையாது. பழவண்டிக்கு வழி குறுகல். மெதுவாச் சுத்தினாலும் காத்து விசையா உள்ள வரும்."

பொன்னுரங்கன் மேசையைத் தட்டினார். ஒரு வாஷர் உருண்டு கீழே விழுந்தது. "இது போதுமே! இதை அப்படியே எழுதுங்க. விளம்பரத்துல எந்த எண் பெரிசோ அதைப் பார்த்து வாங்கினவன் நீ, எங்களைச் சொல்றியான்னு எழுதுங்க. ஒரு பொம்பளையோட காலை எடுத்த பாவிங்கன்னு எழுதுங்க!"

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். இரண்டு வரி எழுதினார். அறுபதுக்கு ஐம்பத்தாறு. ஐம்பத்து நான்குக்கு அறுபத்தொன்பது. பேனாவை மூடினார்.

"இவ்வளவுதானா?"

"அளந்தது இவ்வளவுதான்."

"டீச்சர்." பொன்னுரங்கனின் குரல் இறங்கியது. கத்தியதைவிட அது மோசமாக இருந்தது. "உங்களுக்குக் கோபமே வராதா?"

"ரோட்டை இன்னும் பார்க்கலையேண்ணா" என்றார் டீச்சர். "புதன்கிழமை அந்தப் பொறியாளரை மூலக்கொம்பைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

புதன்கிழமை பொறியாளன் வந்தான். பேர் நிரஞ்சன். முப்பதுகூட ஆகியிருக்காது. முழங்கை வரை தோல் கையுறை, கண்ணாடி மூடியோடு தலைக்கவசம். நாட்டின் வடகோடி வரை மோட்டார் சைக்கிளிலேயே போய் வந்தவன் என்று அவனே சொன்னான். மரியாதையாகத்தான் பேசினான். அந்த மரியாதையே பொன்னுரங்கனுக்கு எரிச்சலாக இருந்தது.

ஓட்டுநர்கள் எட்டுப் பேரும் பள்ளத்தின் அடியில் காப்பித் தோட்டத்து வேலியோரம் நின்றார்கள். நடுவில் ஒரு மருத்துவ வண்டி, புதுக் கிளட்ச் போட்டுத் தயாராக நின்றது.

"சார்" என்றார் டீச்சர், "மேலே வரைக்கும் நீங்க ஓட்டிக் காட்டுங்க. பெட்டியில ஓர் ஆள் இருக்கணும்."

"தாராளமா. யார் வர்றாங்க?"

"அண்ணா, நீங்க படுங்க."

பொன்னுரங்கன் தன் காதையே நம்பவில்லை. "நானா?"

"நீங்கதான்."

"இவன் ஓட்டுவான், நான் நோயாளி மாதிரிப் படுத்துக்கணுமா? எல்லார் முன்னாடியும்?"

"ஆமாம்."

கூட நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் டீச்சரை முறைத்தார். டீச்சரும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியில் ஏறிப் படுத்தார். நிரஞ்சன் குனிந்து வார்களைக் கட்டினான். "சரியா இருக்குங்களா?" என்று கேட்டான். பொன்னுரங்கன் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார்.

டீச்சர் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

நிரஞ்சன் முதல் கியரைப் போட்டு முறுக்கினான். இன்ஜின் கூவியது. மலையில் அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. மரத்து மைனாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து பறந்தன. வண்டி பாய்ந்தது. முறுக்கிய கையை அவன் தளர்த்தவே இல்லை. முதல் வளைவில் பொன்னுரங்கனின் தோள் பெட்டியின் கம்பியில் இடித்தது. இரண்டாவது, இடப்பக்கம் திரும்பும் வளைவு. பெட்டியின் சக்கரம் தரையை விட்டு எழுந்து, திரும்ப விழுந்தது. முதுகெலும்பு வழியாக மண்டைக்குள் ஏறியது அந்த அடி. மூன்றாவதில் உதடு பல்லில் கிழிந்து வாயில் ரத்தம் கரித்தது. ஐயோ என்று ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வரக் கூடாது என்று பல்லைக் கடித்தார்.

நாலாவது வளைவு. பதினொன்றில் அதுதான் செங்குத்து, அதுதான் இறுக்கம். ஓரத்தில் டீச்சர் நின்றது ஒரு கணம் தெரிந்தது. இங்கே நிற்கும், இங்கே நின்றுவிடும் என்று பொன்னுரங்கன் உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

நிற்கவில்லை. கூவிக்கொண்டே ஏறிவிட்டது.

ஐந்து, ஆறு, ஏழு. அவர் வளைவுகளை எண்ணுவதை விட்டுவிட்டார். இடித்த இடங்களெல்லாம் ஒரே வலியாகிவிட்டன. ஆனால் அதையெல்லாம் மீறி ஒரு விஷயம் அவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஏறுகிறது.

உச்சியில் நிரஞ்சன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஏழு நிமிஷம்! பார்த்தீங்களா? சுத்து குறையாமப் பார்த்துக்கிட்டா இந்த இன்ஜின் எதுலயும் ஏறும். கிளட்ச் சுடக்கூட இல்லை." சின்னப் பையன்போல் சிரித்தான். அதில் குத்தல் எதுவும் இல்லை. தான் நம்பியது சரியாகிவிட்ட சந்தோஷம், அவ்வளவுதான்.

பொன்னுரங்கன் வார்களை அவிழ்க்காமல் கிடந்தார்.

டீச்சரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் பெட்டியருகே குனிந்தார்.

"டீச்சர்" என்றார் பொன்னுரங்கன் மெல்ல. "ஏறிடுச்சு."

"ஆமாம்."

"அப்ப அன்னைக்கு நின்னது என் கையாலதானா?"

டீச்சர் அவர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார். "எழுந்திருங்க. கீழே போகலாம். இப்ப சார் படுக்கட்டும். நீங்க ஓட்டுங்க."

நிரஞ்சன் திரும்பினான். "நான் எதுக்குங்க? அதான் பார்த்தாச்சே?"

"ஓட்டுநரையும் பார்க்கணும் இல்லையா சார்? அவரைப் பத்தித்தானே எழுதியிருக்கீங்க?"

அவன் வண்டியைக் கீழ்ப்பக்கம் திருப்பினான்.

கீழே நிரஞ்சன் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தான். அதோடு பெட்டியில் தலையைச் சாய்க்க முடியவில்லை. பொன்னுரங்கன் அவனுக்கு வார்களைக் கட்டினார். இறுக்கியே கட்டினார். மனசு கொதித்துக்கொண்டிருந்தது. எப்படி முறுக்க வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது. எட்டுப் பேரையும் வேலையை விட்டு அனுப்பச் சொன்னவன், வெள்ளச்சியின் காலுக்குத் தன்மேல் பழி எழுதினவன், கட்டிப் போட்ட மாதிரிக் கிடக்கிறான். இவனை ஆட்டுகிற ஆட்டத்தில் இவன் ஆயுசுக்கும் ஒரு அறிக்கை எழுதக் கூடாது.

"எப்படி ஓட்டட்டும் டீச்சர்?"

"சாரை மேலே கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஸ்கூட்டரில் முன்னால் போனார்.

பொன்னுரங்கன் முறுக்கினார். இன்ஜின் கூவியது. நேர்ப் பாதையில் வண்டி பறந்தது. முதல் வளைவுக்குள் அப்படியே நுழைந்தார். நிரஞ்சனின் தலை கம்பியில் ணங்கென்று இடித்தது கேட்டது. "ஸ்ஸ்" என்றான்.

நல்லா வாங்கு என்று பொன்னுரங்கன் நினைத்தார்.

இரண்டாவது வளைவில் பெட்டியின் சக்கரம் எழுந்து விழுந்தது. நிரஞ்சனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தை இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் வெறும் முனகல். படுத்திருப்பவர்கள் முனகும் அந்தச் சத்தத்தைப் பொன்னுரங்கன் நிறைய கேட்டிருக்கிறார். பிரசவ வலியில் கேட்டிருக்கிறார், மரத்திலிருந்து விழுந்தவர்களிடம் கேட்டிருக்கிறார். யாருடையதாக இருந்தாலும் அது ஒரே மாதிரித்தான் இருக்கும்.

மூன்றாவது வளைவு வந்தபோது கை தளர்ந்திருந்தது. தளர்த்த வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. இன்னும் முறுக்கு, இன்னும் முறுக்கு என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. கை கேட்கவில்லை. வளைவைப் பார்த்ததும் அதுவாக இறங்கியது. கூவல் உறுமலாகி, உறுமல் இருமலாகியது. இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க இடது கை பாதிக் கிளட்சைப் பிடித்துக்கொண்டது. பெட்டி ஆடாமல், குலுங்காமல், மெதுவாக வளைந்தது.

நாலாவது வளைவில் எரிந்த வாடை வந்தது. அவர் மறுபடி முறுக்கிப் பார்த்தார். இன்ஜின் கத்தியது. சக்கரம் நகரவில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றினார்.

டீச்சர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கிளட்சிலிருந்து புகை வந்தது. நிரஞ்சன் நெற்றியைத் தடவியபடி பெட்டியில் கிடந்தான்.

கீழேயிருந்து ஒரு பழைய வண்டி டுக் டுக் டுக் என்று வந்தது. பின்னால் இரண்டு பக்கமும் அன்னாசி மூட்டை, நடுவில் ஒரு மூட்டை, முன்னால் தொட்டியின் மேல் ஒரு சின்ன மூட்டை. நடந்து போகிற வேகத்தில் வளைவுக்குள் வந்தது. திணறாமல், அவசரப்படாமல் அவர்களைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. ஓட்டியவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமல், "என்ன பொன்னு, மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நிரஞ்சன் தானே வார்களை அவிழ்த்துக்கொண்டு இறங்கினான். கிளட்ச் பக்கம் குனிந்து மோந்து பார்த்தான். பிறகு பொன்னுரங்கனைப் பார்த்தான்.

"மூணாவது வளைவுல ஏன் குறைச்சீங்க?"

பொன்னுரங்கன் காலால் ஒரு கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார்.

"முதல் ரெண்டுல சரியாத்தானே வந்தீங்க? அப்படியே முறுக்கியிருந்தா ஏறியிருக்குமே. ஏன் குறைச்சீங்க?"

"உங்களுக்கு வலிச்சுதுல்ல சார்?" என்றார் பொன்னுரங்கன். அதைச் சொல்ல அவருக்கே பிடிக்கவில்லை. கோபமாகத்தான் சொன்னார்.

நிரஞ்சன் நெற்றியை மறுபடி தொட்டுப் பார்த்தான்.

டீச்சர் கைப்பையிலிருந்து இரண்டு வரி எழுதிய அந்தத் தாளை எடுத்து அவனிடம் கொடுத்தார். அவன் படித்தான். நான்கு எண்களும் அவனுக்குத் தெரியாதவை அல்ல. வண்டி வாங்கியபோதே பார்த்த விளம்பரத் தாள்களில் இருந்தவைதான். இருந்தும் ரொம்ப நேரம் படித்தான்.

"கையெழுத்து எங்க போடணும் சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"வேண்டாங்க" என்றான். "நான் மாத்தி எழுதறேன்."

மூன்று வாரம் கழித்து அடுத்த கடிதம் வந்தது. பொன்னுரங்கன் அதையும் பட்டறைக்கு எடுத்து வந்தார். எட்டு ஓட்டுநர்களும் வேலையில் தொடர்வார்கள். வண்டிகளுக்குப் பதில், நீளமாக ஓடும் பிஸ்டன் கொண்ட வேறு வண்டிகள் கட்டம் கட்டமாகத் தரப்படும். முதலில் மூன்று.

"நல்ல செய்திதானேண்ணா?" என்றார் டீச்சர்.

"அடுத்த வரியைப் படிங்க."

டீச்சர் படித்தார். முந்தைய வாகனங்கள் பழுதடைந்ததற்கு மலைப்பகுதியின் கடினமான நிலஅமைப்பே காரணம்.

"இப்ப மலை மேல பழியைப் போட்டிருக்கானுங்க!" பொன்னுரங்கன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மொதல்ல நாங்க, இப்ப மலை. மலை என்ன நேத்தா முளைச்சுது? வண்டி வாங்கும்போது அது அங்க நிக்கலையா? நாங்க தப்பா வாங்கிட்டோம்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எழுதக் கை வரலையே! வெள்ளச்சி அக்கா பேரைக் கடுதாசியிலிருந்தே எடுத்துட்டானுங்க. ஒருத்தனாவது போய் அது முகத்தைப் பார்த்தானா?"

"பொறியாளர்?"

"அவன் வந்தான். அவன் மட்டும் வந்தான். ஒண்ணும் பேசலை. கட்டிலுக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போனான்."

டீச்சர் கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தார். வேலைக்குத் திரும்பினார். ஒரு சிலிண்டரை மண்ணெண்ணெயில் முக்கித் துலக்க ஆரம்பித்தார்.

பொன்னுரங்கன் போகவில்லை. மேசையோரம் நின்றுகொண்டே இருந்தார்.

"டீச்சர், அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க பதில் சொல்லலை."

"கேளுங்க."

"முறுக்கினா ஏறும்னு எனக்கு யாருமே சொல்லலை. சொல்லியிருந்தா... குலுங்கியிருக்கும், இடிச்சிருக்கும், அக்கா கத்தியிருக்கும். ஆனா ஏழு நிமிஷத்துல மேலே போயிருக்கலாம். கால் மிஞ்சியிருக்கும். கால் மிஞ்சியிருக்குமே டீச்சர். அப்ப என் கைதானே தப்பு?"

டீச்சர் துலக்குவதை நிறுத்தினார்.

"தெரிஞ்சிருந்தா முறுக்கியிருப்பீங்களாண்ணா?"

பொன்னுரங்கன் வெள்ளச்சியை நினைத்தார். மூன்றாவது வளைவில் பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்களை நினைத்தார். நிரஞ்சனை நினைத்தார். தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே ஒரு லாரி மலைப்பக்கம் திரும்பிப் போனது. அதன் சத்தம் ஓயும் வரை டீச்சர் காத்திருந்தார்.

"அந்தக் கைக்கு ஏத்த வண்டியைத்தான் அவங்க வாங்கியிருக்கணும்" என்றார். "அறக்கட்டளைக்குப் போய்ச் சொல்லுங்க. கத்தியே சொல்லுங்க."